ஒரே தோட்டம், இரண்டு ஈரமான ஆண்டுகள்: போன்தே-கனேயும் செம்பின் கணக்கும்

2007 கோடையில் பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் மழையும் ஈரமும் விடவே இல்லை. ஏப்ரல் மாத வெயிலில் திராட்சைக் கொடிகள் வழக்கத்தை விடச் சீக்கிரம் தழைத்துவிட்டன. அந்தத் தழையில் அடிச்சாம்பல் நோய் இறங்கியது. போயாக் என்ற ஊரில் உள்ள ஷாத்தோ போன்தே-கனே தோட்டத்துக்கு அது இக்கட்டான நேரம். 2004-இல் 14 ஹெக்டேரில் தொடங்கிய ரசாயனமற்ற சாகுபடியை அடுத்த ஆண்டே 80 ஹெக்டேருக்கு மேற்பட்ட முழுத் தோட்டத்துக்கும் விரித்திருந்தார்கள். இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இலைகளில் எண்ணெய்ப் புள்ளிகள் பரவுவதைப் பார்த்த உரிமையாளர் ஆல்ஃபிரெட் தெஸ்ஸெரோன், கடைசியில் ரசாயனப் பூஞ்சைக்கொல்லி தெளிக்க ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டின் விளைச்சல் தப்பியது, சான்றிதழ் போனது.

11 ஆண்டுகள் கழித்து, 2018-இல், அதே நோய் இன்னும் கடுமையாக வந்தது. இந்த முறை ரசாயனத்தைத் தொடவில்லை. ஹெக்டேருக்குச் சுமார் 10 ஹெக்டோலிட்டர், அதாவது 1,000 லிட்டர் ஒயின்தான் கிடைத்தது. அந்தப் பகுதியில் நல்ல ஆண்டில் கிடைப்பதில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரே மண், ஒரே ரகங்கள், ஒரே நோய். முடிவு மட்டும் வேறு. சுற்றுச்சூழலுக்கு இசைந்த திராட்சை சாகுபடி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் காட்டுவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. வரிசைகளுக்கு நடுவே பூக்கும் புல்லும் மண்ணை உழும் குதிரையும் படத்தில் அழகாக இருக்கும். ஒரு தோட்டம் உண்மையில் சோதிக்கப்படுவது மே, ஜூன் மாதங்களில், இலையின் அடிப்பக்கத்தில்.

நோய் வந்த வழி

அடிச்சாம்பல் நோய் ஐரோப்பாவில் பிறந்ததல்ல. 1860-களில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளைக் கொண்டுவந்து, அவற்றின் வேரில் ஐரோப்பிய ரகங்களை ஒட்டுக்கட்டுவதே தீர்வு என்று கண்டார்கள். பூச்சிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தக் கொடிகளோடு கப்பலேறி இன்னொரு விருந்தாளியும் வந்துவிட்டது. 1878-இல் தென்மேற்கு பிரான்சில் அடிச்சாம்பல் நோய் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. அமெரிக்கக் காட்டுக் கொடிகள் அந்த நோயோடு காலங்காலமாக வாழ்ந்து எதிர்ப்பைப் பெற்றவை. கபர்னே, மெர்லோ போன்ற ஐரோப்பிய ரகங்களுக்கு அது முற்றிலும் புதிது.

மருந்து கிடைத்த கதையும் போன்தே-கனேவுக்குப் பக்கத்திலேயே நடந்தது. போயாக்கின் தெற்கு எல்லையை ஒட்டியது சேன்-ஜூலியன். 1882-இல் அந்த வழியே போன போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதைக் கவனித்தார். வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துத் தின்னாமல் இருக்க, பார்க்க விஷம் போலத் தெரியட்டும் என்று செம்பு உப்பான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அந்த வரிசைகளில் பூசியிருந்தார்கள். வேதியியலாளர் கயோனோடு சேர்ந்து மில்லார்தே அதை ஆராய்ந்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க உழவர்களுக்குத் தெரிந்த போர்டோ கலவை அதுதான்.

இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற திராட்சைத் தோட்டங்கள் இன்றும் அடிச்சாம்பல் நோய்க்கு முதன்மையாக நம்புவது அதே செம்பைத்தான். பலருக்கு இது வியப்பாக இருக்கும். 'ரசாயனம் இல்லை' என்றால் 'தெளிப்பே இல்லை' என்று அர்த்தமல்ல.

இலையின் மேல் நடப்பது

இந்த நோயை உண்டாக்கும் உயிரி உண்மையான பூஞ்சை அல்ல, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உறவு. அதனால்தான் தண்ணீர் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. குளிர்காலத்தில் உதிர்ந்த இலைகளுக்குள் தடித்த சுவருள்ள வித்துகளாக மண்ணில் கிடக்கும். வசந்தத்தில் மண் வெதுவெதுப்பானதும் நல்ல மழை ஒன்று பெய்தால், தெறிக்கும் துளியோடு மேலே ஏறி இளம் இலையில் ஒட்டும். அந்த ஈரத்தில் வாலுள்ள நுண்வித்துகள் வெளிவந்து நீந்தி, இலைத்துளைகளைத் தேடி உள்ளே நுழையும். தளிர் 10 சென்டிமீட்டர், மழை 10 மில்லிமீட்டர், வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு: இந்த மூன்றும் கூடினால் விழித்துக்கொள் என்பது ஐரோப்பியத் திராட்சை உழவர்களின் பழைய 'மூன்று பத்து' கணக்கு.

உள்ளே நுழைந்த பிறகு வெளியே எதுவும் தெரியாது. ஒரு வாரம் போல ஆனதும் இலையின் மேற்புறத்தில் எண்ணெய்ப் புள்ளி தோன்றும். ஈரமான, வெதுவெதுப்பான ஒரே இரவில் அடிப்புறம் வெண்பஞ்சாக மாறி, அங்கிருந்து அடுத்த சுற்று கிளம்பும். பூக்கும் காலத்தை ஒட்டிக் குலையைத் தாக்கினால் காய்கள் சாம்பல் பூத்துப் பிறகு பழுப்பாகச் சுருங்கும். அதற்குப் பின் எந்த மருந்தும் அந்தக் குலையை மீட்காது. பூத்துச் சில வாரங்கள் கடந்தால் காயின் துளைகள் தக்கையாகி மூடிக்கொள்ளும், அப்போது காய்களுக்கு ஆபத்து குறையும். ஆகவே முழு ஆண்டின் விளைச்சலும் நடுவில் உள்ள அந்தச் சில வாரங்களில் தொங்குகிறது.

செம்பு வேலை செய்வது இலையின் மேல் உள்ள நீர்த்துளிக்குள். கரைந்த செம்பு அயனிகள் நீந்தும் வித்தை உள்ளே நுழையும் முன்பே கொன்றுவிடும். இலைக்குள் அது ஊடுருவுவதில்லை. எனவே நோய் நுழைந்த பிறகு தெளித்துப் பயனில்லை. தெளித்த பின் வளர்ந்த புது இலைக்குப் பாதுகாப்பு இல்லை. 20 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்தால் பெரும்பகுதி கழுவிப் போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டும். ரசாயனப் பூஞ்சைக்கொல்லிகளில் பல, செடிக்குள் பரவி 12, 14 நாள் காக்கும். 2007-இல் போன்தே-கனே தேடியது அந்த நிம்மதியைத்தான்.

செம்புக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நோயுயிரியின் உடலில் ஒரே ஓர் இடத்தைத் தாக்கும் ரசாயனங்களை அது சில ஆண்டுகளிலேயே மீறக் கற்றுக்கொள்கிறது. ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகளுக்குப் பிரான்சில் நடந்தது அதுதான். செம்பு ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிக்கிறது. 130 ஆண்டுகளுக்கு மேலாகத் தெளித்தும் அது இன்னும் பலன் தருகிறது.

மண்ணில் சேரும் கணக்கு

பலவீனம் அதன் இயல்பிலேயே இருக்கிறது. செம்பு ஒரு தனிமம், சிதைந்து வேறொன்றாக ஆகாது. இலையிலிருந்து கழுவப்பட்டு மண்ணின் மேலடுக்கில் உள்ள மக்கோடு ஒட்டிக்கொள்ளும், அங்கேயே தங்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரின் மேல் 20 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 2,600 டன் எடை. அதில் ஆண்டுக்கு 4 கிலோ செம்பு விழுந்தால், ஒரு கிலோ மண்ணுக்கு ஒன்றரை மில்லிகிராம் கூடும். இது சிறியதாகத் தெரியும். பழைய காலத்தில் ஆண்டுக்கு 20 கிலோவைத் தாண்டியும் தெளித்தார்கள். அந்த வேகத்தில் 50 ஆண்டுகள் என்றால் கிலோவுக்கு 380 மில்லிகிராமுக்கு மேல். ஐரோப்பிய மண் ஆய்வில் எல்லா நிலங்களையும் சேர்த்த சராசரி கிலோவுக்கு 17 மில்லிகிராம், திராட்சைத் தோட்டங்களில் மட்டும் 49. நூறாண்டு பழமையான ஈரப் பகுதித் தோட்டங்களில் சில நூறு மில்லிகிராம் வரை போகும்.

அளவு மிகும்போது மண்புழு குறைகிறது, நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிறது, இளங்கன்றுகளின் வேர் வளர்ச்சி தடுமாறுகிறது. இன்னொரு விளைவு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. களைக்கொல்லிக்குப் பதிலாகச் செம்மறியாடுகளை வரிசைகளுக்கு நடுவே மேயவிடுவது இன்று பரவிவரும் நல்ல முறை. ஆனால் பண்ணை விலங்குகளில் செம்பை மிகக் குறைவாகத் தாங்குவது செம்மறியாடு. அதன் ஈரல் செம்பை வெளியேற்றத் திணறி, சேர்த்துக்கொண்டே போய், ஒரு நாள் திடீரென நோய்ப்படும். ஒரு இயற்கை முறை இன்னொரு இயற்கை முறைக்கு எதிராக நிற்கும் இடம் இது. தெளிப்பு முடிந்து, மழையில் புல் கழுவப்பட்டு, குளிர்காலத்தில் மட்டும் மேய்ப்பது என்ற ஒழுங்கு இல்லாமல் இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாகக் கையிறுக்கியது. இயற்கை வேளாண்மைக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 8 கிலோ என்றிருந்தது 2006-இல் 6 கிலோ ஆனது. 2019 முதல் எல்லா உழவர்களுக்கும் 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. ஈர ஆண்டில் கூட்டி, வறண்ட ஆண்டில் குறைத்துக்கொள்ளலாம் என்ற நெகிழ்வுக்காகவே 7 ஆண்டுக் கணக்கு. பயோடைனமிக் தோட்டங்களுக்கு டிமீட்டர் அமைப்பு தரும் சான்று இன்னும் இறுக்கமானது, ஆண்டுக்கு 3 கிலோ.

போன்தே-கனே செய்தது

இந்த வரம்புகளுக்குள் ஒரு பெரிய தோட்டத்தை நடத்துவது எப்படி? தொழில்நுட்ப இயக்குநராக இருந்த ழான்-மிஷெல் கோம்தான் இந்த மாற்றத்தின் உந்துவிசை. 2007-க்குப் பிறகு சான்றிதழுக்கான மூன்றாண்டுக் காத்திருப்பு மறுபடி தொடங்கியது, 2010-இல் கிடைத்தது. போயாக் அடங்கிய மெதோக் பகுதியில், போர்டோவின் சிறந்த ஒயின்களைத் தரம்பிரித்த 1855 வகைப்பாட்டில் இடம்பெற்ற தோட்டங்களில் இந்தப் பாதையில் முதலில் போனவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். 2007 முடிவைப் பின்னாளில் தெஸ்ஸெரோன் பிழை என்றே சொல்லிவந்தார்.

அவர்கள் பின்பற்றியது பயோடைனமிக் முறை. 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது அது. பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிப் புதைத்து எடுத்துக் கரைத்துத் தெளிப்பது, நிலவின் நாள் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. இதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கொம்புச் சாணம் நீந்தும் வித்தைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. 2018-இல் அது தடுக்கவும் இல்லை. ஆனால் இந்த முறை உழவரை ஒவ்வொரு கொடியின் அருகிலும் போய் நிற்க வைக்கிறது. நேரத்தோடு பார்ப்பதே பாதி மருத்துவம் என்கிற ஒரு நோயில், அந்தப் பழக்கத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

குதிரைக்கு வருவோம். 2008-இல் பிரெத்தோன் இனக் குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். இதை வெறும் விளம்பரம் என்று நினைப்பவர்கள் தெளிப்பு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். செம்பு மழையில் கழுவப்படுவதால் ஒரு சாதாரண ஆண்டிலேயே பத்துக்கு மேற்பட்ட முறை தோட்டத்துக்குள் போக வேண்டும், மோசமான ஆண்டில் 20-ஐத் தாண்டும். ஒவ்வொரு முறையும் டிராக்டர் என்றால் அத்தனை டீசல். போக வேண்டிய நாட்களும் மழைக்கு முன்னும் பின்னும், மண் ஈரமாக இருக்கும் நாட்கள். ஈர மண்ணில் ஏறும் சக்கரம் அதை இறுக்கிவிடும், நீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சுத் திணறும். ரசாயனத்தை விட்டதால் வந்த இந்தக் கூடுதல் சுமையை முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவு குதிரை குறைக்கிறது. கணக்கில் இந்த வரியைச் சேர்க்காமல் 'இயற்கை முறை எல்லா வகையிலும் மேல்' என்று சொல்வது சரியல்ல.

2018-இல் நடந்தது

குளிர்காலமும் வசந்தமும் ஈரம். மே கடைசியிலும் ஜூலை நடுவிலும் வட்டாரத்தின் பல பகுதிகளில் ஆலங்கட்டி மழை. பூக்கும் காலம் முழுக்க வெதுவெதுப்பும் மழையும். அடிச்சாம்பல் நோய்க்கு இதைவிட ஏற்ற பருவம் கிடையாது. மெர்லோ குறிப்பாகத் தளர்ந்தது. தெற்கே சற்றுத் தள்ளியுள்ள மார்கோவில், அதே பயோடைனமிக் வழியில் போகும் ஷாத்தோ பால்மருக்கும் ஹெக்டேருக்கு 11 ஹெக்டோலிட்டர்தான். அந்த ஆண்டு அது தன் இரண்டாம் தர ஒயினையே வெளியிடவில்லை.

ஜூலைக்குப் பிறகு வானம் தெளிந்து, நீண்ட வெயில் காலம் வந்தது. தப்பிய குலைகள் அருமையாகப் பழுத்தன, ஒயினும் பெரும் பாராட்டைப் பெற்றது. அதை வைத்து 'இழப்பு நல்லதற்கே' என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூலி, குதிரைத் தீவனம், தெளிப்புச் செலவு எல்லாம் முழு விளைச்சலுக்குத்தான் போனது.

இந்த நிகழ்வை மற்றவர்கள் பின்பற்றத்தக்க மாதிரியாக எடுத்துக்கொள்ளும்போது மிகப் பெரிய தடை இதுதான். போன்தே-கனே ஒயின் ஒரு பாட்டிலே நல்ல விலைக்குப் போகும், ஓர் ஆண்டு இழப்பைச் சேமிப்பு தாங்கும். அதே போர்டோவில் சாதாரணப் பெயரில் மொத்தமாக விற்கும் சிறு உழவருக்கு 900 லிட்டர் கொண்ட ஒரு தொன்னோவுக்கு 1,000 யூரோ கிடைப்பதே அண்மைக் காலத்தில் கடினமாகிவிட்டது. 2023-இல் கொடிகளை வேரோடு பிடுங்க ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை அறிவிக்கும் நிலை வந்தது. அப்படிப்பட்டவரிடம் மூன்றில் இரண்டு பங்கு விளைச்சலை விட்டுக்கொடு என்று யாரும் கேட்க முடியாது.

2023-இல் நோய் மறுபடி பெரிதாக வந்தது. அந்த ஆண்டு ரசாயனம் தெளித்த பல தோட்டங்களும் மெர்லோவை இழந்தன. தாமதமாக ஒரு தெளிப்பு, வார இறுதியில் தவறிய ஒரு நாள், ஈரம் தங்கிய அடர்ந்த கொடி. எந்த முறையாக இருந்தாலும் நோய் உள்ளே வரும் கதவு இவைதான்.

செம்பைக் குறைக்க உதவுவது

எனவே அளவைக் குறைத்தும் விளைச்சலைக் காப்பது எப்படி என்பதே கேள்வி. அனுபவத்தில் நின்ற வழிகள் பெரும்பாலும் கைவேலை சார்ந்தவை. தண்டின் அடியில் கிளைக்கும் துளிர்களை வசந்தத்திலேயே நீக்கிவிட வேண்டும். மண்ணிலிருந்து தெறிக்கும் முதல் துளி அவற்றில்தான் விழும், நோய்க்கு அதுவே ஏணி. நெருக்கமான தளிர்களைக் கிள்ளி, குலையைச் சுற்றிக் காற்றோட்டம் வரும்படி இலைகளை எடுத்தால் ஈரம் சீக்கிரம் உலரும், தெளிப்பு குலை மீது நேராகப் படும். ஆனால் வெயில் கடுமையான ஆண்டில் அதே வேலை காயைச் சுட்டுவிடும். ஆகையால் காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் எடுப்பது பாதுகாப்பு.

மூடு பயிர் விஷயத்திலும் இதே கவனம் தேவை. அறுவடைக்குப் பின் பயறும் தானியமும் கலந்து விதைத்து வசந்தத்தில் மடக்கிப் படுக்க வைத்தால், மண் அரிப்பு குறையும், மக்கு கூடும், மழைத்துளி தெறிப்பதும் குறையும். வெட்டாமல் உயரமாக விட்டால் கொடியடியில் ஈரம் தங்கி நோய்க்கு உதவும். ஏப்ரல் பனியில் உறைபனிச் சேதத்தையும் கூட்டும்.

தெளிப்பிலும் மாற்றம் உண்டு. ஒரேயடியாகக் கிலோக்கணக்கில் போடாமல், மழைக்கு முன் சில நூறு கிராம் செம்பு மட்டும் அடிக்கடி போடுவது. தோட்டத்து வானிலைக் கருவியையும் நோய்க் கணிப்பு மாதிரியையும் சேர்த்துப் பார்த்தால் தேவையில்லாத தெளிப்புகள் குறையும். குதிரைவால் செடிக் கஷாயம், கடற்பாசியிலிருந்து எடுக்கும் லாமினாரின், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் ஆகியவை துணைக்கு நிற்கும். நோய் கனத்த ஆண்டில் தனியே நிற்காது.

உண்மையான தாவல் ரகத்தில்தான் இருக்கிறது. பிரான்சின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் காட்டுக் கொடிகளின் எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து உருவாக்கிய ஆர்த்தாபான், விதோக், ஃப்ளோரெயால், வோல்திஸ் என்ற நான்கு ரகங்கள் 2018-இல் பதிவாயின. போன்தே-கனே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே அறுத்த அதே ஆண்டு! இவற்றில் தெளிப்பு ஓரிரு முறையாகக் குறைகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: ஒரே மரபணுவை நம்பிய பழைய ரகங்களில் நோயுயிரி அதைத் தாண்டிவிட்டது. அந்த ஓரிரு தெளிப்பையும் கைவிடாமல் இருந்தால்தான் எதிர்ப்பு நீடிக்கும்.

2021 கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய கலப்பு ரகங்களை விளையும் இடத்தின் பெயரில் சான்றோடு விற்கும் ஒயின்களிலும் அனுமதித்தது. ஷாம்பெய்ன் வட்டாரம் 2022-இல் வோல்திஸைச் சோதனையாக ஏற்றது, தோட்டப் பரப்பில் 5 சதவீதம், கலவையில் 10 சதவீதம் என்ற வரம்போடு. போர்டோவும் 2021-இல் ஆறு புதிய ரகங்களை இதே அளவுக்குள் ஏற்றுக்கொண்டது. அந்தப் பட்டியல் வெப்பமாதலை மனதில் வைத்துப் போட்டது. அதிலுள்ள கஸ்தே என்ற பழைய ரகம் அடிச்சாம்பல் நோயையும் ஓரளவு தாங்கும். அந்த ஏற்பும் போர்டோ, போர்டோ சுப்பீரியர் என்ற பொதுப் பெயர்களுக்கே பொருந்தும். போயாக் என்ற பெயரில் விற்கும் ஒயினுக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. போன்தே-கனேயின் வரிசைகளில் பெரும்பாலும் கபர்னேயும் மெர்லோவும்தான் நிற்கின்றன, தளிர் 10 சென்டிமீட்டர் எட்டும் நாளில் முதல் செம்புத் தெளிப்பை எதிர்பார்த்து.